தொடக்க வகுப்பில் தமிழ் எழுத்தறிதலும் எண்மக் கருவிகளும்: நன்னூல் எழுத்திலக்கணப் பகுப்புவழி ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் கியூஆர் குறியீடு பொறித்த பாடநூல், கல்வித் தொலைக்காட்சி, கைக்கணினி, திறன் வகுப்பறை முதலிய எண்மக் கருவிகள் கடந்த சில ஆண்டுகளில் இடம்பெற்றுள்ளன. எத்தனை பள்ளிகளுக்குக் கருவிகள் சென்றன என்பது எளிதில் கணக்கிடத்தக்கது. அக்கருவிகளில் அமைந்த தமிழ்ப் பாடம் தமிழ் எழுத்தின் இயல்போடு பொருந்துகிறதா என்பது அத்துணை எளிதில் கணக்கிடத்தக்கதன்று. அவ்வினாவுக்கு விடைகாண நன்னூல் கூறும் எழுத்திலக்கணப் பகுப்பினை அளவுகோலாகக் கொள்ளலாம் என இக்கட்டுரை கருதுகிறது. எண், முறை, பெயர், பிறப்பு, உருவம், மாத்திரை, மொழியிடை நிற்கும் நிலை ஆகியவற்றை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான எழுத்தறிதலோடு பொருத்தி, எண்மக் கருவி எங்கே துணைபுரியும், எங்கே தடையாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: எழுத்தறிதல், எண்மக் கருவி, நன்னூல், ஒருங்குறி, தமிழ்99, இரட்டை வழக்கு.

முன்னுரை

எழுதவும் படிக்கவும் அறியாத நிலையில் மூன்றாம் வகுப்பைக் கடக்கும் குழந்தைக்கு, அதன்பின் எல்லாப் பாடங்களும் எட்டாதனவாகின்றன. கணக்கின் வினாவையும் அறிவியலின் விளக்கத்தையும் அக்குழந்தை படித்தே அறிய வேண்டியுள்ளது. ஆகவே தொடக்க வகுப்பின் தமிழ்ப் பாடம் ஏனைய பாடங்களுக்கெல்லாம் வாயிலாக அமைகிறது.

இந்திய நாட்டின் ஊரகப் பகுதிகளில் நடத்தப்பெறும் ஏசர் கல்விநிலை ஆய்வின்படி, இரண்டாம் வகுப்பு நிலையிலான பகுதியைப் படிக்க வல்ல மூன்றாம் வகுப்பு மாணவர் 2018ஆம் ஆண்டில் 27.3 விழுக்காட்டினர், 2022இல் 20.5 விழுக்காட்டினர், 2024இல் 27.1 விழுக்காட்டினர். பெருந்தொற்றுக் காலத்து வீழ்ச்சி ஏறத்தாழச் சரிசெய்யப்பட்டுள்ளது. எனினும் நான்கில் மூன்று பங்கு குழந்தைகள் தம் வகுப்புக்குரிய வாசிப்புத் திறனை எய்தவில்லை என்னும் அடிப்படை நிலை மாறவில்லை.

தமிழகத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ இருபது மாத இடைவெளியை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பெற்றன. பின்னது எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025ஆம் ஆண்டுக்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுவதை இலக்காகக் கொண்டது. குழந்தைகளை வகுப்பால் பகுக்காமல் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துக் கற்பிக்கும் முறையை அது மேற்கொண்டது. இத்திட்டங்களோடு எண்மக் கருவிகளும் வகுப்பறைக்குள் வந்தன. இச்சூழலில் அக்கருவிகளைத் தமிழியல் நோக்கில் ஆராய்வது தேவையாகிறது.

ஆய்வின் எல்லை

இக்கட்டுரை கருவிகளின் பயன்பாட்டைக் களத்தில் அளந்த புள்ளியியல் ஆய்வன்று; கருத்து நிலையில் அமைந்த விளக்க ஆய்வு. எந்த ஒரு செயலியையும் தனித்துத் திறனாய்வது இதன் நோக்கமன்று. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் எண்மப் பாடம் எதுவாயினும் அது நிறைவு செய்ய வேண்டிய தகுதிகள் யாவை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கருவியும் பாடமும்

தமிழகத்தில் புதிய பாடத்திட்டம் 2018–19ஆம் கல்வியாண்டில் முதல், ஆறாம், ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தபோது, பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. அச்சுப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவுக்கோ காணொலிக்கோ செல்லும் வழி இதனால் உண்டாயிற்று. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பே, 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக வழங்குவது, மழலைக்கல்விப் பாடங்களை ஒலியோடும் அசைபடத்தோடும் இணையத்தில் வெளியிட்டது. அண்மையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கலும், 22,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் திறன் வகுப்பறை அமைத்தலும் மேற்கொள்ளப்பட்டன.

கருவி வழங்கப்பட்டால் கற்றல் தானே மேம்படும் என்னும் எண்ணத்தை உலக அனுபவம் ஏற்கவில்லை. பெரு நாட்டின் ஊரகப் பகுதியில் 319 தொடக்கப் பள்ளிகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்றின் முடிவு 2012இல் வெளியாயிற்று. குழந்தைகளுக்கு மடிக்கணினி வழங்கியதால் கணிதத்திலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்தமைக்கு அவ்வாய்வில் சான்று கிட்டவில்லை. இதற்கு மாறாக, தில்லியில் நடுநிலை வகுப்பு மாணவரிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கரை மாதக் கணினிவழிப் பயிற்சி கணிதத்தில் 0.37 திட்ட விலக்க அளவும், இந்தியில் 0.23 திட்ட விலக்க அளவும் முன்னேற்றம் தந்தது. தில்லியில் பயன்பட்ட மென்பொருள் ஒவ்வொரு மாணவரும் நிற்கும் நிலையை அறிந்து, அந்நிலைக்குரிய பாடத்தைத் தந்தது.

இரு ஆய்வுகளும் வெவ்வேறு சூழலையும் வயதையும் சார்ந்தவை. எனினும் பயனைத் தீர்மானிப்பது கருவியின் இருப்பன்று, அதனுள் அமைந்த பாடத்தின் பொருத்தமே என்பதை இரண்டும் சேர்ந்து உணர்த்துகின்றன. தமிழைப் பொறுத்தவரை அப்பொருத்தம் எழுத்திலக்கணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நன்னூற் பகுப்பை அளவுகோலாகக் கொள்ளல்

பவணந்தி முனிவர் எழுத்திலக்கணத்தை எண், பெயர், முறை, பிறப்பு, உருவம், மாத்திரை, முதல், ஈறு, இடைநிலை, போலி, பதம், புணர்ச்சி எனப் பன்னிரண்டாகப் பகுப்பார். இவற்றுள் முதற்பத்தும் எழுத்தியலில் விளக்கம் பெறுகின்றன. இப்பகுப்பு, ஓர் எழுத்தை அறிதல் என்பது அதன் வடிவை மட்டும் அறிதலன்று என்பதைக் காட்டுகிறது. எழுத்தின் ஒலி பிறக்கும் இடம், அது ஒலிக்கும் கால அளவு, சொல்லில் அது நிற்கும் இடம் ஆகியன யாவும் சேர்ந்ததே எழுத்தறிவு. இலக்கண நூலைக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. குழந்தைக்குப் பாடம் அமைப்போர் இவ்விலக்கணத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

எண்ணும் முறையும்

முதலெழுத்து முப்பது, உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்த்துப் பள்ளி வழக்கில் 247. இவ்வெண்ணிக்கையைக் கணினி வேறு வகையில் கையாள்கிறது. ஒருங்குறியில் உயிர் பன்னிரண்டு, அகரமேறிய மெய் பதினெட்டு, உயிர்க்குறி பதினொன்று, புள்ளி, ஆய்தம் என நாற்பத்து மூன்று குறிகளைக் கொண்டே 247 எழுத்துகளும் ஆக்கப்படுகின்றன. கணினியின் சேமிப்புக்கு இம்முறை போதுமானது. ஆனால் எழுத்துகளை எண்ணும்போதும் பிரிக்கும்போதும் இதனால் சிக்கல் எழுகிறது.

கொக்கு என்னும் சொல்லில் இலக்கணப்படி எழுத்துகள் மூன்று: கொ, க், கு. ஒருங்குறிப்படி குறிகள் ஆறு. அம்மா என்பதில் எழுத்து மூன்று, குறி ஐந்து. பட்டம் என்பதில் எழுத்து நான்கு, குறி ஆறு. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட சொல் விளையாட்டு நிரல் ஒன்றை மாற்றமின்றித் தமிழுக்குப் பயன்படுத்தினால், அது சொல்லை எழுத்துகளாகப் பிரிக்காமல் குறிகளாகப் பிரிக்கும். கலைந்த எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்குக என்னும் பயிற்சியில் புள்ளி தனியாகவும் துணைக்கால் தனியாகவும் திரையில் தோன்றும். எழுத்து இன்னதென்று இன்னும் தெளியாத குழந்தைக்கு இது பெருங்குழப்பம். குறிகளை எழுத்துகளாகத் தொகுக்கும் வழி கடினமன்று. மெய்க்குறியை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரின் இரண்டையும் ஓர் எழுத்தாகக் கொள்ள வேண்டும் என்னும் விதியே அடிப்படைத் தேவையை நிறைவு செய்யும். ஓபன்-தமிழ் போன்ற திறமூல நிரல் தொகுப்புகளில் இவ்வசதி உள்ளது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற அனைத்தெழுத்துக் குறிமுறையோ உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தருவது.

முறை பற்றியும் இவ்வாறே கூறலாம். மரபு வரிசையில் ழ, ள, ற, ன ஆகியன இறுதியில் நிற்பன. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்தை அடுத்தும் அமைகின்றன. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜகரம் நிற்கிறது. அகரமுதலி வழக்கில் உயிர்மெய்க்கு முன் நிற்கும் மெய், குறிவரிசையில் அதற்குப் பின் செல்கிறது. எனவே சொற்களைக் குறிவரிசைப்படி அடுக்கும் சிறுவர் அகராதி, பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசையோடு முரண்படும். அகராதி பார்க்கப் பழகும் குழந்தை தான் கற்றதே தவறோ என ஐயுறும் நிலை இதனால் ஏற்படக்கூடும்.

உருவம்

எழுத்துருவைக் கற்பிப்பதில் எண்மக் கருவிக்கு அச்சினும் மேலான ஓர் ஆற்றல் உண்டு. அச்சிட்ட எழுத்து முடிந்த வடிவம். அது எங்கே தொடங்கி எப்படிச் சுழிந்து எங்கே முடிந்தது என்பதை ஏடு காட்டாது. திரை அதனைக் காட்டும். திண்ணைப் பள்ளியில் மாணாக்கர் மணலில் விரலால் எழுதியவாறே எழுத்தை உரக்கச் சொல்லினர். கண், கை, வாய், செவி ஆகிய நான்கும் ஒருசேரத் தொழிற்பட்டன. தொடுதிரையில் விரலால் எழுத்தின் மீது வரைந்து, அவ்வொலியை உடன் கேட்டு, தானும் சொல்லும் பயிற்சி அம்மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்கது.

உயிர்மெய் ஆக்கத்தைக் காட்டுவதிலும் அசைபடம் பயன் தரும். க் என்னும் மெய்யோடு அகரம் சேரப் புள்ளி நீங்கிக் ககரம் தோன்றுவதைத் திரையில் நிகழ்த்திக் காட்டலாம். இங்கு ஒரு கவனம் தேவை. ஒருங்குறியில் ககரமே அடிப்படை. புள்ளியிட்டால் மெய் பிறக்கும். இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. உயிரேறினால் ககரம் பிறக்கும். கணினியின் உள்ளமைப்பைக் கற்பித்தல் முறையாகக் கொள்ளாமல், இலக்கணம் காட்டும் நெறியையே குழந்தைக்குக் காட்ட வேண்டும்.

உகர, ஊகார வரிசைகளில் மற்றொரு சிக்கல் உண்டு. கு, சு, டு, து, பு ஆகியவற்றில் உகரத்தைக் குறிக்கும் வடிவம் ஒன்றுபோல் இல்லை. கணினியில் இவை அனைத்தையும் ஒரே உகரக் குறி ஆக்கிவிடும். கையால் எழுதும் குழந்தையோ ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளை ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. ஆகவே விசைப்பலகையில் கு, டு, பு எனச் சரியாகத் தட்டச்சிடும் குழந்தை, அவற்றைக் கையால் எழுத வல்லது என முடிவு செய்ய இயலாது. தொடக்க வகுப்பில் கையெழுத்துப் பயிற்சியைத் தட்டச்சு ஒருபோதும் விலக்கலாகாது.

மாத்திரை

குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்னும் மாத்திரை வேறுபாடு தமிழில் பொருள் வேறுபாட்டுக்குக் காரணமாகிறது. கல், கால், படு, பாடு, எடு, ஏடு, கொடு, கோடு ஆகிய இணைகள் இதற்குச் சான்று. குழந்தைகளின் எழுத்துப் பிழைகளுள் குறில் நெடில் மயக்கமும் ஒன்று. ஏட்டில் இவ்வேறுபாடு ஒரு கால், ஒரு சுழி என்னும் அளவில் தோன்றுவது. செவியில் அது கால வேறுபாடு. தெளிவான ஒலிப்பதிவில் இவ்விணைகளை மாறி மாறிக் கேட்கச் செய்து, கேட்ட சொல்லுக்குரிய படத்தைத் தொடச் செய்யும் பயிற்சியில் எண்மக் கருவியின் உண்மைப் பயன் வெளிப்படும். ஆசிரியர் நாற்பது குழந்தைகளுக்குத் தனித்தனியே இருபது முறை சொல்லிக் காட்ட இயலாததைக் கருவி சலிப்பின்றிச் செய்யும்.

ஆனால் ஒலிப்பதிவு பிழையானால் பாடமே பிழையாகும். பாட்டு, நாக்கு, ஆறு ஆகிய சொற்களின் இறுதி உகரம் குற்றியலுகரம். அரை மாத்திரை அளவினது. எழுத்தெழுத்தாக ஒலிகளை ஒட்டிச் சொல்லாக்கும் முறையில் அவ்வுகரம் முழு உகரமாக ஒலிக்கக்கூடும். ஆதலின் சொற்கள் இயல்பாக ஒலிக்கும் மாந்தர் குரலில் முழுமையாகப் பதிவு செய்யப்பட வேண்டும்.

பிறப்பு

பிறப்பியலைத் தொல்காப்பியம் தனி இயலாகவே வைத்துள்ளது. ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு நாவின் தொழிலால் அமைவது. நா எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் வளைகிறது என்பதை அசைபடம் காட்டலாம். குழந்தை தன் குரலைப் பதிவு செய்து, மாதிரிக் குரலோடு ஒப்பிட்டுக் கேட்கவும் வழி உண்டு.

வல்லின எழுத்துகளில் இதனினும் நுட்பமான செய்தி உள்ளது. ககரம் கல் என்பதில் ஒருவகையாகவும், அகம் என்பதில் வேறொரு வகையாகவும், தங்கம் என்பதில் மற்றொரு வகையாகவும் ஒலிக்கிறது. தகரம் தட்டு என்பதிலும் பந்து என்பதிலும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. எழுத்தைத் தொட்டால் ஒலி கேட்கும் வகையில் அமைந்த பாடங்கள் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி எனக் கற்பிக்கின்றன. அங்ஙனம் கற்ற குழந்தை த, ங், க, ம் எனத் தனித்தனியே ஒலித்துக் கூட்டும்போது தான் அறிந்த தங்கம் என்னும் சொல் அதற்குக் கிட்டுவதில்லை. எழுத்துகளை அறிந்தும் சொல்லைப் படிக்க இயலாத நிலைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. எனவே எழுத்தொலியைத் தனித்து மட்டும் தராமல், மொழி முதல், மெல்லினத்தை அடுத்து, இரட்டிக்கும் இடம், உயிர்களுக்கு இடை என நான்கு சூழலிலும் சொல்லோடு சேர்த்துத் தருதல் வேண்டும்.

பெயரும் மொழியிடை நிலையும்

ண, ந, ன ஆகிய மூன்றும் குழந்தைக்கு இடர் தருவன. இன்றைய பேச்சில் நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒலிவேறுபாடு செவிக்குப் புலப்படுவது அரிது. ஆகவே ஒலிகேட்டு எழுத்தை அடையாளம் காணும் பயிற்சி இவ்விடத்தில் பயன்படாது. இங்கே பயன்படுவது, எழுத்து சொல்லில் நிற்கும் இடம் பற்றிய அறிவு. நகரம் மொழி முதலில் வரும். ணகரமும் னகரமும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. இடையில் ணகரம் டகரத்தோடும், நகரம் தகரத்தோடும், னகரம் றகரத்தோடும் இயைந்து நிற்கும்: வண்டி, பந்து, கன்று.

வகுப்பறை வழக்கில் இவை மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என உருவால் பெயர் பெறுகின்றன. மரபோ டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் எனப் பெயரிட்டது. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் அவ்வெழுத்தின் துணையெழுத்தைத் தன்னுள் கொண்டுள்ளன. பெயரை அறிந்த குழந்தை எழுத்துப்பிழையைத் தவிர்க்கும் விதியையும் உடன் அறிகிறது. எண்மப் பாடங்கள் இப்பெயர்களை மீட்டுப் பயன்படுத்துதல் நலம்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இவ்விதியைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. அதில் ணகரத்தை அடுத்து டகரத்தை அழுத்தினால், முன்னெழுத்து தானே புள்ளி பெறும். ங–க, ஞ–ச, ந–த, ம–ப, ன–ற ஆகிய இணைகளுக்கும் இவ்வாறே நிகழும். ஓர் எழுத்து இரட்டிக்கும்போதும் முன்னது புள்ளி பெறும். மெய்யை அடுத்து உயிரை அழுத்த உயிர்மெய் தோன்றும். ஆங்கில எழுத்துகளால் தமிழை ஒலிபெயர்த்து உள்ளிடும் முறை, தமிழைப் பிறிதொரு நெடுங்கணக்கின் வழியே எண்ணப் பழக்குகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் தட்டச்சு அறிமுகம் செய்யப்படின், அது தமிழ்99 வழியாகவே அமைதல் தக்கது.

இரட்டை வழக்கும் பேச்சறி கருவிகளும்

குழந்தை படிப்பதைக் கேட்டு, பிழையைச் சுட்டும் செயலிகள் இப்போது தமிழிலும் உள்ளன. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுள் ரீட் அலாங் செயலியைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் நடத்தப்பெற்றது. கூச்சமுடைய குழந்தை பிறர் முன் படிக்கத் தயங்கும். கருவியின் முன் படிக்கத் தயங்குவதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் உரக்கப் படிக்கும் வாய்ப்புக் கிட்டுகிறது என்னும் அளவில் இது பெரும்பயன்.

தமிழின் இரட்டை வழக்கு இங்கே வினாவொன்றை எழுப்புகிறது. வீட்டில் மழையை மளை என ஒலிக்கும் குழந்தை, பாடத்தில் மழை என்பதைக் கண்டு மளை எனப் படித்தால், அது எழுத்தை அறிந்துவிட்டது, ஒலிப்பே வேறுபடுகிறது. மலை எனப் படித்தால், அது வேறு சொல். இவ்விரண்டையும் ஒரே பிழையாகக் கருதுதல் முறையன்று. முன்னதற்கு ஒலிப்புப் பயிற்சி தேவை. பின்னதற்கு எழுத்துப் பயிற்சி தேவை. தன் வீட்டுமொழியே தவறு என்னும் எண்ணம் குழந்தையின் மனத்தில் பதிந்தால், வாசிப்பின் மீதே வெறுப்பு உண்டாகும்.

எழுத்துப் பிழைகளுக்கும் பேச்சு வழக்கிற்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் அறிதல் வேண்டும். ஒன்று பேச்சில் ஒண்ணு ஆகிறது. மூன்று மூணு ஆகிறது. கன்று கன்னு ஆகிறது. மூன்று என்பதை மூண்று என எழுதும் குழந்தை கவனமின்றி எழுதவில்லை. தன் செவி கேட்டதை எழுதுகிறது. எத்தனை பிழை என எண்ணித் தருவதோடு நில்லாமல், எவ்வகைப் பிழை எனப் பகுத்துத் தரும் செயலியே ஆசிரியருக்குத் துணையாகும்.

வகுப்பறை மாதிரி ஒன்று

ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே கற்பிக்கும் பள்ளிகளில், குழந்தைக்கொரு கருவி என்பது நடைமுறைக்கு ஏலாது. ஒரு கைக்கணினியைக் கொண்டே ண, ந, ன பாடத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதலாவதாக, வண்டி, நண்டு, பந்து, பந்தல், கன்று, தென்றல் ஆகிய சொற்களை ஆசிரியர் பேச்சிலும் எழுத்து வழக்கிலும் சொல்லிக் காட்டுவார். கன்னு எனக் குழந்தை சொல்வதைக் கன்று எனும் எழுத்து வடிவோடு இணைப்பார். இரண்டாவதாக, கருவியில் படமும் ஒலியும் தோன்ற, விடுபட்ட எழுத்தைக் குழுவாக முடிவு செய்து குழந்தைகள் பலகையில் எழுதுவர். மூன்றாவதாக, மலர் நிலையினர் அச்சொற்களைக் கொண்டு தொடர் அமைத்துத் தம் குரலில் பதிவு செய்வர். அரும்பு நிலையினர் அப்பதிவைக் கேட்டுச் சொல்லைச் சுட்டுவர். நான்காவதாக, எல்லோரும் கையால் எழுதுவர்.

இம்மாதிரியில் கருவி பயன்படும் நேரம் குறைவு. இணைய இணைப்பும் தேவையில்லை. மாணவரின் குரலே மாணவருக்குப் பாடமாகிறது. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தோடு கிடைக்கும் தமிழ்க் கதைகளை முன்னரே தரவிறக்கி வைத்தால், எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து கதைக்கும் செல்லும் வழியும் அமையும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. எண்மக் கருவியின் தனிப்பயன், ஏடு தர இயலாதவற்றைத் தருதலில் உள்ளது. மாத்திரையின் கால அளவு, பிறப்பின் நாவசைவு, உருவம் ஆகும் வரிசை, குழந்தையின் குரல் ஆகியன அத்தகையவை. ஏட்டுப் பக்கத்தையே திரையில் காட்டுதலால் கற்றல் வளம்பெறாது.

2. எழுத்தைப் பிரித்தலும் எண்ணுதலும் வரிசைப்படுத்தலும் ஒருங்குறியின் குறிகளைச் சாராமல் தமிழ் எழுத்திலக்கணத்தைச் சார்ந்து அமைதல் வேண்டும்.

3. வல்லின எழுத்துகளைச் சொற்சூழலோடும், ண, ந, ன ஆகியவற்றை அவற்றின் மரபுப் பெயரோடும் துணையெழுத்தோடும் கற்பிக்கும் வகையில் பாடங்கள் அமைதல் வேண்டும்.

4. பேச்சறி கருவிகள் ஒலிப்பு வேறுபாட்டையும் வாசிப்புப் பிழையையும் பிரித்தறிதல் வேண்டும். அதுவரை முடிவு கூறும் உரிமை ஆசிரியரிடமே இருத்தல் தகும்.

5. கையெழுத்துப் பயிற்சிக்குத் தட்டச்சு மாற்றாகாது.

இம்முடிவுகளை வகுப்பறையில் சோதித்தறியும் களஆய்வுகள் அடுத்து நிகழ வேண்டும். அவற்றை மேற்கொள்ளும் பொறுப்பு கல்வியியல் துறைக்கும் கணினித் துறைக்கும் மட்டும் உரியதன்று. எழுத்ததிகாரத்தைப் பட்ட வகுப்புகளில் பயிற்றும் தமிழ்த் துறைகள் அவ்வறிவை முதல் வகுப்பு வரை கொண்டுசேர்க்கக் கடமைப்பட்டுள்ளன. தொடக்கப் பள்ளிக்குரிய செயலியும் ஒலிப்பதிவும் உருவாகும் இடத்தில் எழுத்திலக்கணம் கற்ற ஒருவரும் உடனிருத்தல் வேண்டும். மூன்று என்பதை மூண்று என எழுதும் குழந்தையின் பிழைக்குரிய காரணத்தை அறிந்து அதற்கேற்பப் பயிற்சி அமைப்பது அத்தகையோரின் பணியாகும்.